மடங்கியது, மடக்கினார்

நம் வார்டில் நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைக்கும் நேரத்தைக் குறிக்கும் நோட்டின் முதல் பக்கத்தில் நீல மையில் ஒரு வரி எழுதியிருக்கும். "கால் மடங்கியதா, காலை மடக்கினாரா? தெரிந்தால் மட்டும் எழுதவும்." புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களில் ஒருத்தி, நான் வேலையிலிருந்து நிற்கும் வாரத்தில் அதைப் படித்துவிட்டு, "இதென்னக்கா, தமிழ்ப் பரீட்சையா?" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு டீ வாங்கப் போய்விட்டேன். அந்த வரி ஏன் அங்கே இருக்கிறது என்பதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். நாலு பேர் சேர்ந்து என் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

நான் பத்தாவது வரை படித்தவள். பாப்பாரப்பட்டிப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் தருமபுரிக்கு வந்து, இந்த ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி வார்டில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். சேர்ந்தபோது எனக்கு முப்பது வயது. முதல் நாளே எல்லோரும் "ஆயாம்மா" என்றார்கள். இப்போது ஐம்பத்திரண்டு. ஆட்களைத் தூக்கித் தூக்கி வலது தோளில் சதை கிழிந்துவிட்டது, இனிமேல் ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். துடைப்பது, புரட்டுவது, பிடித்து உட்காரவைப்பது எல்லாம் கூட இருப்பவர்கள் உங்களுக்குக் காட்டித் தருவார்கள். நான் சொல்லவந்தது கையால் செய்யும் வேலையைப் பற்றியல்ல. நாம் திறக்கும் வாயைப் பற்றி.

முதலில் ஒரு சின்ன விஷயம். பல வருடங்களுக்கு முன் பாலக்கோட்டிலிருந்து ஒரு தக்காளி வியாபாரி பக்கவாதத்தோடு வந்திருந்தார். இடது கை கல்லாகக் கிடந்தது. "கையைத் தூக்குங்க" என்றால் முகமெல்லாம் சிவக்கும், கை அசையாது. ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் பெரிய கொட்டாவி ஒன்று விட்டார். அந்தக் கொட்டாவியோடு சேர்ந்து இடது கை மெதுவாக நெஞ்சு வரைக்கும் எழும்பியது. கொட்டாவி முடிந்ததும் பொத்தென்று விழுந்தது. பக்கத்தில் இருந்த அவர் மனைவி கத்திவிட்டார்.

"ஏனுங்க, இன்னொன்னு விடுங்க!"

"வந்தாத்தானடி விடறது."

"எனக்காக ஒன்னே ஒன்னுங்க. இருங்க, நான் விடறேன், பாத்தா உங்களுக்கும் வரும்."

அந்த அம்மாள் கொட்டாவி விட்டார். அதைப் பார்த்து எனக்கு வந்தது, எதிர்க் கட்டில்காரருக்கு வந்தது. கடைசியில் அவருக்கும் வந்தது. கை மறுபடி எழும்பியது. வார்டே சிரித்தது. அப்போதிருந்த பிசியோ மட்டும் சிரிக்கவில்லை. கொட்டாவிக்கு மூளையிலிருந்து ஒரு வழி, நாமாக நினைத்துச் செய்வதற்கு வேறொரு வழி; இவருக்கு இரண்டாவது வழிதான் அடைபட்டிருக்கிறது என்று சொன்னார். அந்தக் கையோடுதான் அவர் ஊர் திரும்பினார். கொட்டாவிக்கு எழும்பும், சோற்றுக்கு எழும்பாது.

ஆக, உடம்பு தன் சொந்தக்காரரைக் கேட்காமலும் அசையும் என்பது எனக்கு அன்றே தெரியும். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பின்னால் நான் செய்ததைப் படித்துவிட்டு, பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்று நீங்கள் எனக்குச் சாக்குத் தேடக் கூடாது.

மாதையன் புளி உலுக்குகிறவர். மாசி மாதம் நம் பக்கத்தில் புளியமரம் ஏறாத ஊர் கிடையாது. அண்ணன் பெருமாள் கீழே நின்று சாக்கு விரித்துக்கொண்டிருக்க, மேலே கிளை முறிந்து, மல்லாக்க விழுந்து, நடுமுதுகு ஒரு கல்லில் பட்டிருக்கிறது. சேலத்தில் ஆபரேஷன் முடிந்து, பயிற்சிக்காக எங்கள் வார்டுக்கு வந்தார். முப்பத்தெட்டு வயது. இடுப்புக்கு மேலே மரம் ஏறுகிறவரின் உடம்பு. கை ஒவ்வொன்றும் உலக்கை. இடுப்புக்குக் கீழே ஈரத் துணி.

அவர் மனைவி காவேரி எப்போதும் கால்மாட்டில் உட்கார்ந்து, அவருடைய கட்டை விரலைப் பிடித்துக்கொண்டே இருப்பாள்.

"தெரியுதுங்களா?"

"தெரியற மாதிரிதான் இருக்குது."

"எந்த விரல புடிச்சிருக்கேன், சொல்லுங்க பாப்போம்?"

"சுண்டு விரலு."

அவள் விரலை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்ப்பாள். மறுபடியும் பிடித்துக்கொள்வாள்.

காவேரி என்னை "சிஸ்டர்" என்று கூப்பிட்டாள். சிஸ்டர்களின் வெள்ளைச் சேலைக்கும் எங்கள் வெளிர் நீலச் சேலைக்கும் வித்தியாசம் அவளுக்குத் தெரியவில்லை. நான் சிஸ்டர் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேட்க நன்றாக இருந்தது, விட்டுவிட்டேன். அவர்கள் ஊர் எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம். அவள் பேச்சும் என் பேச்சும் ஒன்று. டாக்டர் ஏதாவது சொல்லிவிட்டுப் போனால், "அவரு என்ன சொல்றாருங்க சிஸ்டர்?" என்று என்னிடம்தான் கேட்பாள்.

விழுந்து நாற்பது நாள் இருக்கும். ஒரு காலை நான் மாதையனுக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தேன். கொண்டுவந்த வெந்நீர் ஆறிப்போயிருந்தது. அந்த ஈரத் துணியை இடது உள்ளங்காலில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தேன். கால் மடங்கியது. முழங்கால் மேலே எழும்ப, குதிகால் விரிப்பை இழுத்துக்கொண்டு வந்தது. இருபது வருடத்தில் நான் வார்டில் குரல் உயர்த்தியது கிடையாது. அன்று கத்தினேன்.

"காவேரி! காலை மடக்கிட்டாரு பாரு!"

அவள் ஓடிவந்தாள். வெளியே நின்ற பெருமாள் வந்தார். நான் மறுபடி துணியை இழுத்தேன். மறுபடியும் மடங்கியது. பெருமாள் செல்போனை எடுத்தார்.

"சிஸ்டர், இன்னொருக்கா பண்ணுங்க. கொஞ்சம் இந்தப் பக்கம் நில்லுங்க, உங்க நெழலு விழுது. ம், இப்பச் சொல்லுங்க, என்னாச்சு?"

"பாருங்க. அவரே காலை மடக்குறாரு."

என் குரலோடு அது பதிவாகிவிட்டது. பெருமாள் தம்பியின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "ஏண்டா, இத்தன நாளு வேலைக்கு டிமிக்கி குடுத்துட்டுத்தான் படுத்துக் கெடந்தியா? எந்திரிடா, பாதி மரம் அப்படியே நிக்குது." எல்லோரும் சிரித்தார்கள். முனியப்பனுக்குக் கெடா வெட்டுவதாக அங்கேயே வேண்டிக்கொண்டார். காவேரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள். மாதையன் மட்டும் மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைச் சந்தோஷம் என்று நினைத்தேன்.

நம் பிசியோ மேடத்தை உங்களுக்குத் தெரியும், அரூர்க்காரர். அப்போது வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனக்கு மகள் வயது. மதியம் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மலரவில்லை. காவேரி கேன்டீனுக்குப் போயிருந்த நேரம். மாதையனின் கண்ணைத் துண்டால் மூடச் சொன்னார்.

"அண்ணா, இடது காலை மடக்குங்க."

மாதையனின் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. கால் கிடந்தது கிடந்தபடி.

"சரி, விடுங்க. சும்மா படுத்திருங்க." சொல்லாமல் கால் விரலைக் கிள்ளினார். கால் வெடுக்கென்று மடங்கியது.

"இப்ப என்ன நடந்துச்சு அண்ணா?"

"ஒன்னும் நடக்கலீங்களே."

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் மேடம் எனக்கு விளக்கினார். முதுகெலும்புக்குள்ளே ஓடும் தண்டுவடம் வழியாகத்தான் மூளையின் உத்தரவு காலுக்குப் போகிறது, காலின் சேதியும் மூளைக்கு வருகிறது. இவருக்கு அது நடுமுதுகில் அறுந்துபோயிற்று. ஆனால் அறுந்த இடத்துக்குக் கீழே உள்ள தண்டுவடம் சாகவில்லை. அடிபட்ட அதிர்ச்சியில் சில வாரம் ஊமையாகக் கிடக்கும், பிறகு விழிக்கும்.

"தொப்பூர்ல ரோடு அடைச்சிருச்சுன்னு வைங்கக்கா. சேலத்து பஸ்ஸு தருமபுரிக்கு வர முடியாது. ஆனா தொப்பூர் வரைக்கும் வந்து, அங்கயே திரும்பி சேலத்துக்குப் போயிரும். சேலத்துல நிக்கறவங்களுக்கு, பஸ்ஸுதான் ஓடுதேன்னு தோணும். தருமபுரில நிக்கறவங்களுக்கு ஒன்னுமே வராது. அவரு காலு சேலம். தலை தருமபுரி."

"அப்ப அவரு மடக்கலீங்களா மேடம்?"

"காலு மடங்குதுக்கா. அவரு மடக்கலை."

பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்பீர்கள். மடங்கினான், மடக்கினான். எங்களுக்கு அது இரண்டு மார்க் கேள்வி. பரீட்சையில் சரியாகவே எழுதியிருந்தேன்.

நான் உள்ளே போனேன். மாதையன் கண்ணில் துண்டு அப்படியே இருந்தது. அதை எடுக்காமலே பேசினார்.

"சிஸ்டர். காத்தாலயும் நானு மடக்கலீங்க."

"தெரியுமா உங்களுக்கு?"

"எல்லாரும் சிரிச்சப்பறம்தான் ஏதோ நடந்துதுன்னே தெரிஞ்சுது." துண்டைக் கண்ணோடு அழுத்திக்கொண்டு, "அவ சிரிச்சு நாப்பது நாளாச்சுங்க. என் வாயால கெடுக்க முடியல. நீங்க சொல்லிருங்க" என்றார்.

"சொல்றேங்க" என்றேன்.

காவேரி சோற்றுப் பொட்டலத்தோடு ஒரு மிட்டாய்ப் பெட்டியும் வாங்கிக்கொண்டு வந்தாள். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் விடுதியில் இருந்தாள். வார்டன் போனில் வீடியோவைப் பார்த்துவிட்டுக் குதித்தாளாம். அரூரிலிருந்து மாமன் வீட்டார் கிளம்பிவிட்டார்களாம். வார்டில் எல்லாக் கட்டிலுக்கும் மிட்டாய் கொடுத்தாள். எனக்கு இரண்டு. நான் வாயைத் திறந்தேன். சுற்றிலும் ஆறேழு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சக்கர கம்மியா இருக்குதுங்களா சிஸ்டர்?" என்றாள் காவேரி. இல்லையென்று தலையாட்டினேன். நாளைக்குத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

தப்பு அந்த இடத்தில்தான் நடந்தது. காலையில் கத்தியது அவசரம். அவசரத்தில் யாருக்கும் வாய் தவறும். மத்தியானம் உண்மை தெரிந்த பிறகு மிட்டாயை மென்றது அவசரமல்ல.

மறுநாள் சொல்லவில்லை. அதற்கும் மறுநாள் அரூர் மாமன் வீட்டார் வந்துவிட்டார்கள். அவர்களுக்காக நான் காலைத் துடைத்துக் காட்ட வேண்டியிருந்தது. காட்டினேன். இந்த முறை வாயைத் திறக்காமல் காட்டினேன். அது ஏதோ நேர்மை என்று என் நினைப்பு.

இதற்கிடையில் மேடம் ஒரு வேலை செய்திருந்தார். முதுகுத் தண்டு அறுந்தவர்களை இரண்டு மாதம் வைத்துப் பழக்கும் இடம் வெளியூரில் ஒன்று உண்டு. படுக்கையிலிருந்து கை ஊன்றி நாற்காலிக்கு மாறுவது, உணர்ச்சியில்லாத இடுப்பை அடிக்கடி கையால் தூக்கித் தூக்கி உட்காருவது, கண்ணாடி வைத்துத் தன் முதுகைத் தானே பார்த்துக்கொள்வது, சிறுநீரைக் குழாய் போட்டுத் தானே எடுப்பது, எல்லாம் கற்றுக்கொடுப்பார்கள். அங்கே கட்டில் கிடைப்பது அரிது. மேடம் பேசிப் பேசி ஒன்று வாங்கிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் வருகிறோமா இல்லையா என்று சொல்ல வேண்டும். "இந்தக் கைகளை வெச்சுக்கிட்டு ஒரே மாசத்துல கத்துக்குவாரு அக்கா. கடை வெச்சு உக்காரலாம். வண்டி ஓட்டலாம்" என்று என்னிடம் சொன்னார்.

வியாழக்கிழமை பெரிய டாக்டரும் மேடமும் குடும்பத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டி, அறுந்த இடத்தைக் காட்டி, கால் திரும்பாது என்றார். பெருமாள் செல்போனை எடுத்து மேசைமேல் வைத்தார். என் குரல் அந்த அறையில் கேட்டது. அவரே காலை மடக்குறாரு.

"இதுக்கு என்னங்க சொல்றீங்க?"

"அது அனிச்சையா வர்ற அசைவுங்க. மூளைக்குச் சம்பந்தமில்லை."

"மூளைக்குத் தெரியாம காலு போகுமாங்க? குடிச்சவனுக்குத்தான் அப்படிப் போகும்" என்றார் பெருமாள். அரூர் மாமன் சிரித்தார். பெருமாள் சிரிக்கவில்லை. "சக்கர நாற்காலின்னு சொன்னா போதும், வந்துட்டிருக்கற காலும் கோவிச்சுக்கிட்டு நின்னுரும். கூடவே கெடந்து துடைக்கறவங்க சிஸ்டரு. அவங்க கண்ணால பாத்துச் சொன்னாங்க. நீங்க படத்தப் பாத்துச் சொல்றீங்க."

மேடம் கதவோரம் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார். "அக்கா, நீங்க சொல்லுங்க. உங்களத்தான் நம்பறாங்க."

பத்துப் பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். காவேரி பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இருந்தது. நான் என்ன சொல்வேனோ என்ற பயம். தரையைப் பார்த்துக்கொண்டு, "மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

அதற்கு என்ன அர்த்தம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். பெருமாளுக்கு உடனே புரிந்துவிட்டது.

"பாத்தீங்களா? வேலைக்குப் பயந்துக்கிட்டு மாத்திப் பேசறாங்க. வுடுங்க, பாவம், அவங்களுக்கும் வயிறு இருக்குதில்ல." என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க அன்னிக்குச் சொன்னதே போதுங்க சிஸ்டர்."

வெள்ளிக்கிழமை அந்தக் கட்டில் வேறு யாருக்கோ போனது. சனிக்கிழமை மாதையனை ஊருக்கு அழைத்துப் போனார்கள். டெம்போவில் ஏற்றும்போது கால்களை நான்தான் பிடித்தேன். மாதையன் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. சொல்லவில்லையா என்று கேட்கும் பார்வைகூட இல்லை. இனி கேட்டு என்ன ஆகப்போகிறது என்ற பார்வை. காவேரி என் கையில் ஒரு பொட்டலம் புளியைத் திணித்தாள். "வூட்டுப் புளிங்க. அடுத்த தடவ அவரே நடந்து வந்து குடுப்பாரு." வாங்கிக்கொண்டேன்.

ஆடி மாதம் அவரை மறுபடி கொண்டுவந்தார்கள். போர்வையை விலக்குவதற்கு முன்பே வாடை வந்தது. ஊரில் நடந்ததைக் காவேரி கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். வைத்தியர் ஒருவரைக் கூப்பிட்டுப் புறா ரத்தம் தேய்த்திருக்கிறார்கள். களத்தில் இரண்டு மூங்கில் கட்டி, நாலு பேர் தூக்கி நிறுத்தி நடை பழக்கியிருக்கிறார்கள். நிறுத்தியதும் கால்கள் வெடவெடவென்று ஆடுமாம். பலம் ஏறுகிறது என்று இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருப்பார்களாம். மற்ற நேரமெல்லாம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறார்கள். காலையில் உட்கார்ந்தால் பொழுது சாய எடுப்பார்கள்.

"வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லலீங்க சிஸ்டர். வலிச்சாச் சொல்ல மாட்டாரா?"

மேலேயிருந்து உத்தரவு போகாத வழியில் கீழேயிருந்து வலியும் வராது. இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் புண். ஒன்றில் எலும்பு தெரிந்தது. காய்ச்சல் விடாமல் அடித்தது. கைகள் இளைத்திருந்தன, ஆனாலும் மரம் ஏறிய கைகள்தான்.

இரண்டாம் நாள் மாலை நர்ஸ் புண்ணைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் காலைப் பிடித்திருந்தேன். பிடித்த இடத்தில் அழுத்தியதோ என்னவோ, கால் வெடுக்கென்று மடங்கியது. வாசலில் நின்ற பெருமாள் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா காவேரி, இந்தக் காய்ச்சல்லயும் காலை மடக்கறான். புண்ணு ஆறட்டும், எந்திரிச்சுருவான். அப்பறம் வெச்சுக்கறேன் அந்த டாக்டர."

நர்ஸ் கட்டை முடித்துவிட்டுப் போகும்வரை பொறுத்திருந்தேன். அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. தைரியம் என்று சொல்ல மாட்டேன். அந்தப் புண்ணைப் பார்த்த பிறகு வெட்கப்பட எனக்கு எதுவும் மிச்சமில்லை.

"அவரு மடக்கலீங்க" என்றேன். "காலு தானா மடங்குது. அவருக்கே தெரியாது. அன்னிக்கும் அப்படித்தான். நான் சொன்னது தப்பு."

பெருமாளுக்கு முதலில் புரியவில்லை. மறுபடி சொன்னேன். அவர் தம்பியைப் பார்த்தார். மாதையன் கண்ணை மூடிக்கொண்டு, ஆமாம் என்று தலையை அசைத்தார். பெருமாள் படி இறங்கிப் போனார். செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

காவேரி எழுந்து என் எதிரில் வந்து நின்றாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கு மத்தியானமே தெரியும்."

"முட்டாய் குடுத்தனே, அப்ப?"

"அப்பத் தெரியும்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அவள் செல்போனை எடுத்தாள்.

"அந்த வீடியோவ எத்தன பேரு பாத்தாங்க தெரியுமா? நானு ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுத் தர்றேன். நீனு சொல்லு. என்கிட்ட இப்பச் சொன்ன மாதிரியே சொல்லு."

முதலில் மாமியார். "நல்லாருக்கீங்களா" என்று ஆரம்பித்தேன். காவேரி போனைத் தட்டினாள். "அதெல்லாம் வேணாம். சொல்லு." சொன்னேன். "நீ யாரும்மா பேசறது? சிஸ்டரா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. நான் ஆயாம்மாங்க."

அடுத்து அரூர் மாமன். அவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். காவேரி ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், வார்டு முழுக்கக் கேட்டது. அடுத்து பெங்களூரில் வேலை செய்யும் காவேரியின் தம்பி. அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க, தேங்க்ஸ்ங்க" என்றான். அது திட்டைவிட மோசமாக இருந்தது. பெருமாளின் மனைவி. மூங்கில் வெட்டிக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர். ஒவ்வொருவரும், "அப்ப எந்திரிக்கவே மாட்டானா?" என்றுதான் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும், "மாட்டாருங்க" என்று சொன்னேன். மூன்றாவது ஆளுக்குப் பிறகு என் குரல் நடுங்குவது நின்றுவிட்டது. அன்று சொல்லியிருந்தால் இவ்வளவுதான் ஆகியிருக்கும். ஒருவர் திட்டியிருப்பார், ஒருவர் அழுதிருப்பார், வெள்ளிக்கிழமை வண்டி ஏறியிருப்பார்கள்.

"போதும் வுடு காவேரி" என்றார் மாதையன். அவள் காதில் வாங்கவில்லை.

அந்த வாரம்தான் மேடம் நோட்டில் அந்த வரியை எழுதினார். அதற்குப் பிறகு ஒன்பதாம் நாள், புண்ணிலிருந்து ரத்தத்தில் ஏறிய விஷத்தால் மாதையன் இறந்துபோனார். புண் வரும் என்று டாக்டருக்குத் தெரியும், வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லித்தரும் இடமும் இருந்தது. நடுவில் நான் இருந்தேன். நீங்கள் ஆறுதலுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அது பொய் என்று தெரிந்துகொண்டால், அன்று பொழுது சாய்வதற்குள் போய்ச் சொல்லுங்கள். எத்தனை பேர் முன்னால் முதல் வார்த்தையைச் சொன்னீர்களோ அத்தனை பேர் முன்னால் சொல்லுங்கள். நம்மை நம்புவார்கள். டாக்டரை நம்பாதவர்கள்கூட நம்மை நம்புவார்கள், ஏனென்றால் நாம் துடைக்கிறோம், தூக்குகிறோம், அவர்கள் பேச்சுப் பேசுகிறோம். அதனால்தான் பயப்பட வேண்டும்.

அந்த மாலையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ஐந்தாவது போனும் முடிந்தது. காவேரி இன்னொரு எண்ணை எடுத்தாள். மகளின் விடுதி. நான் கையை நீட்டினேன்.

"இத நானு பேசிக்கறேன்" என்றாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் உதடு அசைவது தெரிந்தது. பேச்சு கேட்கவில்லை.

மாதையனைப் புரட்டிப் படுக்கவைக்கும் நேரமாகியிருந்தது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். பெருமாள் திரும்பி வரவில்லை. யாரையாவது கூப்பிடலாம் என்று நான் வாசலைப் பார்த்தபோது, மாதையன் எட்டிக் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, மேல் உடம்பை அவரே திருப்பினார். கால்களை நான் திருப்பினேன்.